பிக்கப் ஹெட்லைட்டும் நானும் ஒரு மல்டிமீட்டரும்

என்கிட்ட இருக்கிறது ஒரு பழைய பிக்கப். ராத்திரி ஓட்டுனா ரோடு மஞ்சளா மங்கலா தெரியும், மழை வேற பெஞ்சிடுச்சுன்னா லைட் போட்டிருக்கோமா இல்லையான்னே சந்தேகம் வந்துடும். அதனால எல்லாரும் பண்றதத்தான் நானும் முதல்ல பண்ணேன், ஒரு ஜோடி எல்இடி பல்பு வாங்கி பழைய ஹாலஜன கழட்டிட்டு சொருகிட்டேன், பத்து நிமிஷ வேலை. செவுத்துல அடிச்சுப் பாத்தா பளீர்னு வெள்ளையா இருக்கு, ஆஹா சூப்பர்னு நெனச்சேன். ரோட்டுக்குப் போனதும்தான் தெரிஞ்சுது. எதிர்ல வர்றவங்க எல்லாம் எனக்கு டிம் அடிக்கிறாங்க, நான் லோ பீம்லதான் போறேன், அப்பவும் அடிக்கிறாங்க. அதை விடக் கொடுமை என்னன்னா எனக்கே ரோடு சரியாத் தெரியல. பக்கத்துல பத்தடிக்கு வெள்ளைத் துணி விரிச்ச மாதிரி இருக்கு, தூரத்துல ஒண்ணும் இல்ல.

ஏன்னு பாத்தா விஷயம் ரொம்ப சிம்பிள். என் வண்டியில இருக்கிறது எச்4 பல்பு, அதுக்குள்ள ரெண்டு இழை, ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். லோ பீம் இழைக்குக் கீழ ஒரு குட்டி தகரக் கிண்ணம் மாதிரி இருக்கும், கவனிச்சுப் பாருங்க. கீழ்ப் பக்கமாப் போற வெளிச்சம் ரிஃப்ளெக்டர்ல பட்டு மேல ஏறி எதிர்ல வர்றவன் கண்ணுல விழாம இருக்கத்தான் அது. ரிஃப்ளெக்டரோட ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கிற இடத்தை வெச்சு கணக்குப் போட்டு செஞ்சது, இழை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே வெளிச்சம் விழுற இடம் மாறிடும். எல்இடி பல்புல இழைக்குப் பதிலா ரெண்டு தட்டைப் பக்கம், அதுல சிப்பு ஒட்டியிருக்கு, அதை அந்த ரிஃப்ளெக்டர் எப்படி அடையாளம் கண்டுபிடிக்கும் பாவம். ரோட்டுல ஓடுற வண்டிக்கு இப்படி மாத்துறது நிறைய நாடுகள்ல சட்டப்படியே தப்பு, அதுவும் எனக்கு அப்புறந்தான் தெரியும். ஒரு வாரத்துல கழட்டி டப்பாவுல போட்டுட்டேன்.

அப்புறம்தான் வோல்ட் அளக்குற மல்டிமீட்டர எடுத்தேன், அத முதல்லயே எடுத்திருக்கணும். இஞ்சின் ஓடிட்டிருக்கு, ஹெட்லைட் போட்டிருக்கு, பேட்டரி டெர்மினல்ல 14.0 வோல்ட். அதே நேரம் பல்புக்குப் பின்னாடி சாக்கெட்ல வெச்சுப் பாத்தா 12.4. நடுவுல 1.6 வோல்ட் எங்கயோ காணாமப் போயிருக்கு. லைட்ட அணைச்சிட்டு அளந்தீங்கன்னா இது தெரியாது, கரெண்ட் ஓடும்போதுதான் வோல்ட் குறையும், அதனால லைட் எரியும்போதே அளக்கணும். 1.6 வோல்ட்தானேன்னு தோணும். ஆனா ஹாலஜன்ல வோல்ட் கொஞ்சம் குறைஞ்சா வெளிச்சம் ரொம்பக் குறையும், 10 சதவீதம் வோல்ட் போனா வெளிச்சத்துல கிட்டத்தட்ட 30 சதவீதம் போயிடும். என் கணக்குக்கு மூணுல ஒரு பங்கு வெளிச்சம் வழியிலயே செத்துப் போயிருக்கு, நான் பல்பத் திட்டிட்டிருந்தேன்.

எங்க போகுதுன்னு தேடணும்ல. மீட்டரோட ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ்ல, இன்னொண்ண பல்பு சாக்கெட் பாசிட்டிவ்ல வெச்சா அந்தப் பக்கம் மட்டும் எவ்வளவு விழுதுன்னு நேரா காட்டும், எனக்கு 1.1. அதே மாதிரி நெகட்டிவ் பக்கம் 0.5. நெகட்டிவ் பக்கம் ஈசியா முடிஞ்சுது, நெகட்டிவ் ஒயர வண்டி பாடியோட சேக்குற எர்த் போல்ட் துருப்பிடிச்சு பச்சையா இருந்துச்சு, கழட்டி பெயிண்ட் சுரண்டி இரும்பு பளபளன்னு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, பல்லு வெச்ச வாஷர் போட்டு முறுக்கி, மேல கொஞ்சம் கிரீஸ் தடவுனேன். அவ்வளவுதான்.

பாசிட்டிவ் பக்கந்தான் பெரிய வேலை. ஹெட்லைட் கரெண்ட் முழுசும் பேட்டரில கெளம்பி, டேஷ்போர்டுக்குள்ள போயி, ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச்சச் சுத்திட்டு, திரும்ப முன்னாடி வருது, அதுவும் நூல் மாதிரி ஒயர்ல. இதுக்கு ரிலே, அதாவது சின்ன கரெண்ட வெச்சு பெரிய கரெண்டப் போட்டு அணைக்கிற சுவிட்ச், போட்டுட்டா பழைய ஒயர் ரிலேயத் தட்டி விட மட்டும், அசல் கரெண்ட் பேட்டரில இருந்து நேரா பல்புக்கு. லோ பீமுக்கு ஒண்ணு, ஹை பீமுக்கு ஒண்ணு. ரிலே கால்ல நம்பர் அடிச்சிருக்கும்: 30 பேட்டரில இருந்து வர்றது, 87 பல்புக்குப் போறது, 85, 86 ரெண்டும் உள்ள இருக்கிற காயில் (ரிலேய இயக்குற கம்பிச் சுருள்), அதுல ஒண்ணு எர்த்துக்கு, ஒண்ணு பழைய ஹெட்லைட் ஒயருக்கு. அஞ்சு கால் ரிலேன்னா நடுவுல 87Aன்னு ஒண்ணு இருக்கும், அதுல ஒயர மாட்டிடாதீங்க, நான் மாட்டுனேன். பேட்டரிய மாட்டுன உடனே லைட் எரிய ஆரம்பிச்சுது, சுவிட்ச் போட்டா அணையுது, அணைச்சா எரியுது. ரிலே சும்மா இருக்கும்போது 30 கூட ஒட்டிக்கிட்டு இருக்கிற கால் அது.

இன்னொண்ணு, சில வண்டிகள்ல, முக்கியமா பழைய ஜப்பான் வண்டிகள்ல, ஹெட்லைட் சுவிட்ச் பாசிட்டிவக் கட் பண்ணாது, எர்த்தத்தான் கட் பண்ணும். அதுக்கு சாதாரண ரெடிமேட் ஒயரிங் செட்டு சரியா வேலை செய்யாது. வாங்குறதுக்கு முன்னாடி சாக்கெட்ல அளந்து பாத்துக்கங்க.

ஒயர் எவ்வளவு தடிமன்னு கேப்பீங்க. ஹை பீம் ரெண்டு பல்பும் சேந்து 120 வாட், 12 வோல்ட்ல 10 ஆம்பியர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர்ல 10 ஆம்பியர் ஓடுனா மீட்டருக்கு 0.18 வோல்ட் போயிடும், 2.5ல போட்டா 0.07தான். நான் 2.5 போட்டேன். பியூஸ் 15 ஆம்பியர், பேட்டரில இருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள்ளயே. இதுல நிறைய பேர் தப்பு பண்றாங்க, லைட்டுக்குப் பக்கத்துல கொண்டு போயி பியூஸ் வெப்பாங்க. பியூஸ் லைட்டக் காப்பாத்த இல்லங்க, ஒயரக் காப்பாத்த. பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவுல ஒயர் தோல் உரிஞ்சு பாடில பட்டுச்சுன்னா நிறுத்த ஆளே கிடையாது, பேனட்டுக்குள்ள நெருப்புதான். அதே மாதிரி ஏற்கனவே ஓடுற ஒயர்ல கடிச்சுப் பிடிக்கிற அந்த பிளாஸ்டிக் கிளிப்பு இருக்கே, அது எனக்கு சுத்தமாப் பிடிக்காது. ஒயரோட இழைய வெட்டிடும், தண்ணி உள்ள போகும், ஆறு மாசம் கழிச்சு நல்ல மழைல பல்லக் காட்டும். ஒயர உலோகக் குழாய்க்குள்ள விட்டு நசுக்கிப் பிடிச்சு (கிரிம்ப்), மேல சூடு காட்டுனா சுருங்குற, உள்ள பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டா போதும்.

எல்லாம் முடிச்சு அளந்தா பல்புல 13.7. அதே பழைய பல்பு! கூடவே லென்ஸ்ல இருந்த மஞ்சளையும் எடுத்தேன், அது பாலிகார்பனேட், மேல இருக்கிற கோட்டிங் வெயில்ல போயிட்டா மங்கிடும். 1000, 2000, 3000னு தண்ணிப் பேப்பர் வரிசையாத் தேய்ச்சு பாலிஷ் போட்டா கண்ணாடி மாதிரி ஆயிடும், ஆனா மேல யூவி தாங்குற கிளியர் கோட் அடிக்காம விட்டா சில மாசத்துல திரும்ப மஞ்சள் அடிக்கும். வோல்ட் ஏறுனதால பல்பு ஆயுசு கொஞ்சம் குறையும், பரவால்ல.

பிக்கப்காரங்க மறக்குறது ஒண்ணு இருக்கு. பின்னாடி லோடு ஏத்துனா பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், லைட் நேரா எதிர்ல வர்றவன் முகத்துக்கு. டேஷ்போர்டுல 0, 1, 2, 3ன்னு ஒரு சக்கரம் இருந்தா அது இதுக்குத்தான், லோடு ஏற ஏற நம்பரக் கூட்டணும். எனக்கு அது இல்ல, அதனால வழக்கமா ஏத்துற லோடோட சமதளத்துல நிறுத்தி, செவுத்துல இருந்து 10 மீட்டர் தள்ளி, வெளிச்சத்தோட மேல் விளிம்பு லைட் நடுவு உயரத்தை விட 10 சென்டிமீட்டர் கீழ விழுற மாதிரி ஸ்க்ரூ திருப்பி வெச்சிருக்கேன்.

இண்டிகேட்டர எல்இடி ஆக்குனா படபடன்னு வேகமா அடிக்கும், 21 வாட் பல்பு இழுக்குற கரெண்ட் இல்லன்னதும், இண்டிகேட்டர விட்டு விட்டு எரிய வைக்கிற பிளாஷர், பல்பு போயிடுச்சுன்னு நெனச்சுக்கும். அந்தக் கரெண்ட இழுக்க ஒரு ரெசிஸ்டர் போடலாம், ஆனா அது கைய வைக்க முடியாத அளவுக்குச் சுடும், பிளாஸ்டிக் மேல ஒட்டவே கூடாது. நான் பிளாஷரையே எல்இடிக்கானதா மாத்திட்டேன். கூரைல லைட் பார் போடலாம்னு ஆசை இருந்துச்சு, ஆனா பேனட்ல பட்டு நம்ம கண்ணுக்கே திருப்பி அடிக்கும், வேகத்துல விசில் வேற ஊதும். வேணாம்னு விட்டுட்டேன்.

நான் போட்டதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது பின்னாடி தொட்டிக்குள்ள போட்ட எல்இடி பட்டைதான். பக்கச் செவுத்து விளிம்புக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர், தண்ணி புகாத ஐபி67 ரகம், மீட்டருக்கு 4.8 வாட். மொத்தம் 14.4 வாட், அதாவது 1.2 ஆம்பியர், ராத்திரி பூரா பத்து மணி நேரம் அணைக்க மறந்தாலும் 12 ஆம்பியர்-மணி (Ah)தான் போகும், 60 ஆம்பியர்-மணி பேட்டரி காலைல ஸ்டார்ட் ஆயிடும். வாங்கும்போது 14.4 வாட்/மீட்டர் பட்டையும் இருந்துச்சு, அதப் போட்டிருந்தா 36 ஆம்பியர்-மணி, தள்ளிட்டுத்தான் போகணும். ஒட்டுறதுக்கு முன்னாடி ஸ்பிரிட் போட்டு நல்லாத் தொடச்சிடுங்க, இல்லன்னா ரெண்டாவது நாளே தொங்கும்.

டெயில்கேட்டத் தெறந்தா தானா எரியுற மாதிரி காந்த சுவிட்ச் ஒண்ணு வெச்சேன், கதவுல காந்தம், பாடில சுவிட்ச், விலகுனா எரியும். வீட்டு வாசல்ல அருமையா வேலை செஞ்சுது. குண்டும் குழியுமான ரோட்டுல டெயில்கேட் ஆடுறப்ப காந்தம் விலகி விலகிச் சேருது போல, பின்னாடி வந்த ஒருத்தர் ஓவர்டேக் பண்ணி ஜன்னலத் தெறந்து "என்னங்க, ரொம்ப நேரமா எதுக்கு சிக்னல் காட்டுறீங்க"ன்னு கேட்டுட்டுப் போனாரு. இப்போதைக்கு முன்னாடி ஒரு மெயின் சுவிட்ச் போட்டு ஓட்டும்போது அணைச்சு வெச்சிருக்கேன், காந்தத்த ரெண்டு தடவ நகத்தி ஒட்டிப் பாத்துட்டேன், இன்னும் சரியான இடம் மாட்டல.