அழகம்மாள் பக்கம்: பினாங்கு நாட்குறிப்பு

மார்ச் 3

அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. மறுபடியும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 4

தேவார வகுப்பு டீச்சர் போன் செய்தார். ரமணர் படப் புத்தகம் சித்திரைக்குள் வேண்டுமாம். ரயில் பக்கம் முடிந்துவிட்டது. 1896. பின்னாளில் ரமணரான பதினாறு வயது வேங்கடராமன், அண்ணனின் கல்லூரிக் கட்டணப் பணம் ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்படுகிறான். அந்த இரண்டு ரூபாயைப் பெரிதாக வரைந்திருக்கிறேன். பிள்ளைகள் கண்ணில் அது பட வேண்டும்.

மார்ச் 5

படங்களை வார்டுக்குக் கொண்டுபோனேன். திருவண்ணாமலைக் கோயிலின் பாதாள லிங்கச் சந்நிதியில் பூச்சி அரித்த கால்களோடு அவன் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பக்கத்தை அம்மா கீழே வைக்கவே இல்லை.

"இவங்கம்மா எங்க? காணோமே?"

மார்ச் 6

இரவெல்லாம் அதே கேள்வி. 1898-ல் ரமணரின் தாய் அழகம்மாள் மூத்த மகனோடு திருவண்ணாமலைப் பவளக்குன்றுக்கு வந்து அழுது அழைத்தார். ரமணர் வாய் திறக்கவில்லை. நடப்பது நடந்தே தீரும், மௌனமாயிருப்பதே நன்று என்று எழுதிக் கொடுத்தார். எட்டு வயதுப் பிள்ளை இதைப் பார்த்தால் கல்நெஞ்சன் என்றுதான் நினைக்கும். இங்கேயே விட்டுவிட என்னால் ஆகாது. 1914-ல் விரூபாட்ச குகையில் அந்தத் தாய்க்குக் கடும் காய்ச்சல். மகன் பக்கத்திலிருந்து பணிவிடை செய்தார், பிழைக்க வேண்டி அருணாசலத்தின் மேல் பாட்டு எழுதினார். நடப்பது நடக்கும் என்றவர்தான் வேண்டினார்! இந்தப் பக்கம் இல்லாமல் புத்தகம் இல்லை.

மார்ச் 7

39.4.

மார்ச் 9

1922 மே 19, அழகம்மாளின் கடைசி நாள். காலை முதல் இரவு எட்டு மணி வரை, ரமணரின் ஒரு கை தாயின் நெஞ்சில், ஒரு கை தலையில். டீச்சர் இந்தப் பக்கம் வேண்டாம் என்கிறார், பிள்ளைகளுக்குச் சாவு எதற்கு என்று. மதுரை வீட்டு மாடியில் மரண பயத்தை நேருக்கு நேர் பார்த்ததில்தானே அவர் கதையே தொடங்குகிறது? அதை எடுத்துவிட்டால் வெள்ளைத் தாடி வைத்த ஒரு நல்ல தாத்தாதான் மிஞ்சுவார். விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வரைய உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. அந்த முகம் அம்மா முகமாகவே வருகிறது.

மார்ச் 10

37.8! அரை மங்கு கஞ்சி குடித்தார். அப்பளம் இட உதவிக்குக் கூப்பிட்ட தாய்க்கு ரமணர் ஞானத்தையே அப்பளப் பாட்டாகக் கட்டிக் கொடுத்த கதையைச் சொன்னேன். "பாட்டு இருக்கட்டும், அப்பளம் இட்டாரா?" என்றார். சிரித்தார்.

மார்ச் 11

நாளை ஸ்கேன். எட்டு மணிக்கு முன்னால் வரச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் பட்டர்வொர்த்திலிருந்து முதல் ஃபெர்ரியில் வருகிறார். அப்பளப் பக்கம் பென்சிலோடு நிற்கிறது.