எட்டு நிமிடத்தில் பாம்பே குரூப்

ரத்த வங்கி டெக்னீஷியன்கள் மாநாட்டுக்குப் போனால் பின்வரிசையில் உட்காருவோம். குறிப்பெடுப்போம். சாப்பாட்டுக்குப் பிறகு கம்பெனி ஸ்டால்களைச் சுற்றிப் பேனாவும் துணிப்பையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவோம். மேடை டாக்டர்களுக்கு. அப்படி யாரும் விதி எழுதி வைக்கவில்லை, நாங்களும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு சென்னையில் நடந்த ரத்தமேற்று மருத்துவ மாநாடு ஒன்றில், பாம்பே குரூப் என்ற அரிய ரத்தப் பிரிவைப் பற்றி நான் பேசினேன். பேச்சு எட்டு நிமிடம், கேள்விகளுக்கு இரண்டு நிமிடம்.

பேசச் சொன்னவர் எங்கள் மருத்துவ அலுவலர். பேச்சின் சுருக்கத்தை மாநாட்டுக்கு அவர்தான் அனுப்பியிருந்தார், ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்த அன்று, "ட்யூபைப் பார்த்தது நீங்கள். மேடையில் நான் போய் நின்றால் நன்றாக இருக்குமா?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

அந்த ட்யூப் விவகாரம் இதுதான். கருப்பைக் கட்டிக்காக அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த ஒரு பெண்ணின் ரத்த மாதிரி வந்தது. சிவப்பணுக்களோடு, ஏ, பி செல்களைக் கட்டியாக ஒட்ட வைக்கும் ஆன்டி-ஏ, ஆன்டி-பி கரைசல்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் ஒட்டவில்லை. ஓ குரூப் என்று எழுதிவிடலாம். பிறகு ரிவர்ஸ் குரூப்பிங்: நோயாளியின் சீரத்தோடு (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) தெரிந்த ஏ செல், பி செல் சேர்த்துப் பார்ப்பது. இரண்டும் ஒட்டின, ஓ குரூப்புக்கு அப்படித்தான் ஒட்ட வேண்டும். எங்கள் வங்கியில் மூன்றாவதாக ஓ செல் போட்ட ஒரு ட்யூபும் வைப்போம்; அதில் ஒட்டக் கூடாது. சுழற்றி எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்து மெல்ல அசைத்தால், ஒட்டாத செல்கள் அடியிலிருந்து சுருள் சுருளாக எழுந்து கலைந்துவிடும். இதில் கலையவில்லை. ஒரே கட்டியாகப் பெயர்ந்து உருண்டது. சுற்றிலும் இருந்த உப்புநீர் தெளிவாகவே நின்றது. அவருடைய சீரத்தை அவருடைய செல்களோடே சேர்த்துப் பார்த்தேன். அங்கே ஒட்டவில்லை. அப்போதுதான் பெரிய மையம் ஒன்றுக்கு மாதிரியை அனுப்பினோம். பாம்பே குரூப் என்று உறுதியாகி வந்தது.

1952இல் பம்பாயில் பெண்டே என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் கண்டு லான்செட் இதழில் எழுதியதால் அந்தப் பெயர். ஏ, பி இரண்டுக்கும் அடித்தளமான எச் ஆன்டிஜென் (செல்லின் மேல் இருக்கும் அடையாளப் பொருள்) இவர்களுடைய செல்களில் இருக்காது. ஆகவே சீரத்தில், எச் உள்ள செல்களைத் தாக்கும் ஆன்டி-எச் இருக்கும். நம் எல்லோருடைய செல்லிலும் எச் இருப்பதால், ஓ ரத்தம்கூட இவர்களுக்கு ஆகாது. இன்னொரு பாம்பே குரூப்காரரின் ரத்தம் மட்டுமே ஏற்றலாம். இந்தியாவில் பத்தாயிரத்தில் ஒருவர் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

இதையெல்லாம் முதல் ஸ்லைடிலிருந்தே வரிசையாக எழுதி வைத்திருந்தேன். லாண்ட்ஸ்டைனர் 1901இல் ரத்தப் பிரிவுகளைக் கண்டுபிடித்ததில் ஆரம்பித்தது என் பேச்சு! டாக்டர் பார்த்துவிட்டு, "அந்த அரங்கில் லாண்ட்ஸ்டைனரைத் தெரியாதவர் யாரும் இருக்க மாட்டார்கள். ட்யூப் எங்கே?" என்றார். நைட் ஷிப்டில் கிராஸ்மேட்ச் வேலை (கொடையாளர் ரத்தம் நோயாளிக்கு ஒத்துப்போகிறதா என்று ஏற்றும் முன் சேர்த்துப் பார்ப்பது) ஓய்ந்த நேரத்தில் உடன் வேலை செய்யும் இரண்டு பெண்களை உட்கார வைத்துப் பேசிப் பார்த்தேன். "அக்கா, நீங்கள் வாசிக்கிறீர்கள்" என்றாள் ஒருத்தி. உண்மைதான். ஸ்லைடில் எழுத்து இருந்தால் கண் அதற்குத்தான் போகும். எழுத்தை எல்லாம் எடுத்துவிட்டுக் கைபேசியில் பிடித்த மூன்று ட்யூப்களின் படத்தைப் பெரிதாகப் போட்டேன். அடுத்து குடும்ப மரம். நோயாளியின் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். அவர்களுக்கு இடையே, சொந்தத்தில் மணம் என்பதைக் காட்டும் இரட்டைக் கோடு. சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இந்தக் குரூப் வெளிப்பட வாய்ப்பு கூடுதல் என்பதற்கு வேறு விளக்கமே வேண்டியிருக்கவில்லை.

மாநாட்டில் எனக்குக் கிடைத்தது சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் அமர்வு. பாதி நாற்காலிகள் காலி. ஏசி மட்டும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. லேசர் பாயின்டர் கொடுத்தார்கள். அது ஒரு கொடுமையான சாதனம்! கை நடுங்குவது நமக்கே சரியாகத் தெரியாது. திரையில் அந்தச் சிவப்புப் புள்ளி இரண்டு அடிக்குத் துள்ளும்போது அரங்கம் முழுவதற்கும் தெரிந்துவிடும். ட்யூப் படத்தில் ஏற்கெனவே ஒரு வட்டம் போட்டு வைத்திருந்ததால் பாயின்டரை அணைத்து மேஜையில் வைத்துவிட்டேன். இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் தொடங்கினேன். மூன்றாவது ட்யூப் திரையில் வந்ததும் முன்வரிசையில் ஒருவர் கைபேசியைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு பேச்சு தானாக ஓடியது. நேரம் முடியப்போகிறது என்று காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தபோது கடைசி ஸ்லைடில் இருந்தேன்.

கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவர், ரத்தம் எங்கே கிடைத்தது என்று கேட்டார். அது பேச்சில் இடமில்லாமல் நான் விட்டிருந்த பகுதி. உடன்பிறந்தவர்களுக்கு இதே குரூப் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதால் எல்லோரையும் வரச் சொல்லிப் பார்த்தோம். தங்கைக்கு இருந்தது. ஆனால் ஹீமோகுளோபின் 12.5 இருந்தால்தான் ரத்தம் எடுக்கலாம். அவருக்கு அவ்வளவு இல்லை. அவசர அறுவை இல்லை என்பதால் அக்கா, தங்கை இருவருக்கும் இரும்புச் சத்து கொடுத்து, காத்திருந்து, பிறகு தங்கையிடம் ஒரு யூனிட் எடுத்தோம். ஆங்கிலத்தில் பாதி சொல்லும்போதே வேகம் போதாமல் தமிழுக்கு மாறிவிட்டேன். அமர்வுத் தலைவர் தலையாட்டிக்கொண்டே கேட்டாரே தவிரத் தடுக்கவில்லை.

இரண்டாவது கேள்வி கொஞ்சம் காட்டமானது. "கிராஸ்மேட்சில் எப்படியும் மாட்டியிருக்குமே, எல்லா மாதிரிக்கும் ஓ செல் எதற்கு?" என்றார் ஒரு மூத்த டாக்டர். நோயாளி என்றால் மாட்டும். ரத்தம் கொடுக்க வருபவர் பாம்பே குரூப்காரராக இருந்தால்? ஓ என்று லேபிள் ஒட்டுவோம். சிவப்பணுவாகப் பிரித்து ஓ குரூப் நோயாளிக்கு ஏற்றினால் கிராஸ்மேட்சும் சரியாகவே வரும், நோயாளிக்கும் பொதுவாக ஒன்றும் ஆகாது. யாருக்கும் தெரியாது. நாம் மாவட்டம் மாவட்டமாகத் தேடும் ஒரு கொடையாளர் நம் ஊர் முகாமுக்கே வந்து, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு, சாதாரண ஓ குரூப்பாக வீட்டுக்குப் போய்விடுவார். இதைச் சொல்லி முடிப்பதற்குள் சிவப்பு விளக்கு.

வெளியே காபி இடத்தில் சிறிய மருத்துவமனைகளின் டெக்னீஷியன்கள் சிலர் வந்து ஓ செல்லை எப்படித் தயாரிக்கிறோம் என்று கேட்டார்கள். பெரிய வித்தை இல்லை: மூன்று ஓ குரூப் பைகளின் குழாய்த் துண்டுகளிலிருந்து செல் எடுத்துக் கலந்து, உப்புநீரில் மூன்று முறை கழுவி, ஐந்து சதவீதக் கரைசலாக்கி, குளிர்பதனப் பெட்டியில் வைப்பது, அன்றாடம் புதிதாகச் செய்வது. துணிப்பையோடு வந்த குறிப்பேட்டில் எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.

அந்த மூத்த டாக்டரும் காபியோடு வந்தார். கூட்டமான முகாம்களில் ஆளுக்கு ஒரு ட்யூப் கூடுதல் என்றால் உங்கள் ஆட்களே முணுமுணுப்பார்கள் என்றார். அதிலும் நியாயம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை முகாம் முடிந்த இரவில் நானே முணுமுணுத்திருக்கிறேன். ஆனாலும் கூடுதல் வேலை எவ்வளவு என்பதை அளந்து பார்க்காமல் பேச முடியாது என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. முகாம் முகாமாக நேரத்தைக் குறித்துக்கொண்டு வருகிறோம்; அடுத்த ஆண்டுச் சுருக்கத்தை நானே எழுதுகிறேன்.