ஆறுமணிக்குருவியும் அதன் உறவினரும்

காட்டில் ஒரு பறவையைக் காண்பதற்கு முன்பே அதன் குரல் நமக்கு அறிமுகமாகிவிடுவதுண்டு. எனக்கு ஆறுமணிக்குருவி அப்படித்தான் வாய்த்தது. விடியலிலும் அந்தியிலும், ஏறத்தாழ ஆறு மணிக்கு, இரு சுரங்களில் சீழ்க்கையடிப்பதால் வந்த பெயர் அது. பச்சை முதுகு, நீலத் திட்டுடைய சிறகு, கண்வழியே ஓடும் கருங்கோடு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு என இத்தனை நிறங்களைச் சூடியிருப்பதால் வடநாட்டினர் இதனை 'நவரங்' என்கின்றனர். இவ்வளவு அலங்காரத்துடன் இருந்தும், சருகுகளை அலகால் புரட்டிப் புழுக்களையும் பூச்சிகளையும் தேடியபடி, நிழலடர்ந்த தரையில் தத்திச் செல்வதால் எளிதில் கண்ணில் படுவதில்லை.

இது 'பிட்டா' குடும்பத்தைச் சேர்ந்தது. பறவை என்னும் பொருள்கொண்ட தெலுங்குச் சொல்லே அறிவியல் பெயராயிற்று என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்களில் பெரும்பாலானவை தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழ்கின்றன; ஆப்பிரிக்காவில் இரண்டே உள்ளன. குட்டை வாலும் நீண்ட கால்களும் இவற்றின் பொது அடையாளம்.

நம் ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரம் முதல் நடு இந்தியா வரையுள்ள காடுகளில் மழைக்காலத்தில் உருண்டையான கூடு கட்டிக் குஞ்சு பொரித்தபின், தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் குளிர்காலத்தைக் கழிக்க வருகிறது. அந்த நெடும்பயணத்தில் களைத்துப்போனவை சில வேளைகளில் வீட்டுத் தோட்டங்களிலும் வந்து விழுகின்றன.