வளைந்துபோன நேர்கோடு

இயற்கையில் நாம் இதுவரை அறியாத விசை ஏதேனும் உண்டா என்று தேடுவதற்குப் பெரும் துகள் முடுக்கிகள்தாம் வேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். சுண்ணாம்பிலும் எலும்பிலும் உள்ள கால்சியத்தின் ஓர் அயனியை, அதாவது எலக்ட்ரான் நீங்கிய அணுவை, வெற்றிடத்தில் மின்புலத்தால் பிடித்து நிறுத்தி, அது எந்த அதிர்வெண்ணில் ஒளியை ஏற்கிறது என்று அளந்தும் அதே தேடலை நடத்தலாம் என்பதை, 2025-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை எனக்கு உணர்த்தியது.

நிலையான கால்சியத்தில் 40, 42, 44, 46, 48 என்று ஐந்து இரட்டைப்படை ஐசோடோப்புகள் உள்ளன. புரோட்டான்கள் எல்லாவற்றிலும் இருபதுதான். நியூட்ரான்களின் எண்ணிக்கையே மாறுகிறது. அதனால் அணுக்கருவின் நிறையும் அளவும் மாறி, ஏற்கப்படும் ஒளியின் அதிர்வெண் சற்றே நகர்கிறது. கருவின் அளவைப் போதிய துல்லியத்தில் நாம் அறியாததே இதில் பெரிய தடை. அதைக் கடக்க டபிள்யூ. எச். கிங் என்ற இயற்பியலாளர் 1963-இல் ஒரு வழி கண்டார்: ஒளியை ஏற்கும் எலக்ட்ரான் ஓர் ஆற்றல் நிலையிலிருந்து மற்றொன்றுக்குப் போவதே தாவல்; அப்படி இரு வேறு தாவல்களில் ஏற்படும் நகர்வுகளை அளந்து, நிறை வேறுபாட்டின் பங்கை ஈடுசெய்து, ஒன்றுக்கு எதிராக மற்றொன்றை வரைபடத்தில் குறித்தால், கருவின் அளவு கணக்கிலிருந்து நீங்கிவிடும், புள்ளிகள் நேர்கோட்டில் விழும். எலக்ட்ரானுக்கும் நியூட்ரானுக்கும் இடையே புதிய துகள் ஒன்று விசையைக் கடத்துமானால் அந்தக் கோடு வளையும். தெரியாததைத் தெரியாததாகவே வைத்துக்கொண்டு அதை விலக்கிவிடும் இந்த உத்தியின் அழகு, எத்தனை முறை யோசித்தாலும் எனக்குக் குறையவில்லை.

சூரிச்சில் ஓர் எலக்ட்ரான் நீங்கிய கால்சிய அயனியையும், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் பதினான்கு எலக்ட்ரான்கள் நீங்கிய கால்சிய அயனியையும் அளந்தார்கள். கருக்களின் நிறை விகிதங்களை ஹைடல்பெர்க்கில் எடுத்தார்கள். முதல் அயனி ஏற்கும் 729 நானோமீட்டர் சிவப்பு ஒளி, நொடிக்கு ஏறத்தாழ 411 லட்சம் கோடி முறை அதிர்வது. ஐசோடோப்புகளுக்கிடையே அந்த அதிர்வெண் நகரும் தொலைவை ஒரு ஹெர்ட்ஸுக்கும் குறைவான பிழையுடன் சொல்ல முடிந்திருக்கிறது. கால்சியம்-46 என்பதோ, இயற்கைக் கால்சியத்தில் ஒரு லட்சம் அணுக்களுக்கு நான்கு மட்டுமே இருப்பது.

கோடு வளைந்தது. அளவீட்டுப் பிழையைப்போல் சுமார் 900 மடங்கு வளைவு. ஆயினும் ஆய்வாளர்கள் புதிய விசையைக் கண்டுவிட்டதாக அறிவிக்கவில்லை. நிறையினால் ஏற்படும் இரண்டாம் படி விளைவைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, அது மட்டும் இவ்வளவு வளைவுக்குப் போதவில்லை. எலக்ட்ரான்களின் மின்புலத்தில் அணுக்கருவே சற்று உருக்குலைவதால் எழும் விளைவு ஒன்றே, அறிந்த இயற்பியலுக்குள் எஞ்சியிருக்கும் விளக்கம். அது அதிகம் ஆராயப்படாதது. வளைவு இருந்தபோதிலும், 10 முதல் 1 கோடி எலக்ட்ரான்வோல்ட் (துகள்களின் நிறையை ஆற்றலாகச் சொல்லும் அலகு) வரையிலான நிறையுள்ள கற்பனைத் துகள் கடத்தும் விசையின் வலிமைக்கு, பெரும்பாலான இடங்களில் இந்த முறையின் முந்தைய வரம்புகளைவிடக் கடுமையான வரம்பை அவர்களால் விதிக்க முடிந்தது.

இந்த நிதானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். மூன்றாவது தாவல் ஒன்றையும் இதே துல்லியத்தில் அளந்தால், கோட்டின் இடத்தில் ஒரு தளம் வரும். தெரியாத இன்னொரு விளைவையும் அப்போது அதே உத்தியால் விலக்கலாம். அதன் பிறகும் புள்ளிகள் அந்தத் தளத்தில் அமைய மறுக்கின்றனவா என்பதை அறியவே காத்திருக்கிறேன்.