பழைய காரில் குழந்தை இருக்கை: பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அனுபவம்

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சேர்ந்த 194பி பிரிவு, 14 வயது நிறையாத பிள்ளை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் சென்றால், ஓட்டுபவருக்கும் அப்படி ஓட்ட அனுமதிப்பவருக்கும் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது நடப்பில் உள்ளது. எந்த வயதுக்கு எந்த இருக்கை, அதைக் காரில் எப்படிப் பொருத்துவது என்பதையெல்லாம் அந்தப் பிரிவு சொல்வதில்லை. கைக்குழந்தைக்குப் பெரியவர்களின் பெல்ட் பொருந்தாது என்பதால் இருக்கை வாங்கியே ஆகவேண்டும் என்று நானும் கணவரும் முடிவு செய்தபோது, மகளுக்குத் தலை நின்று ஆறு மாதம் ஆகியிருக்கவில்லை.

வீட்டில் எதிர்ப்பு அத்தையிடமிருந்து வந்தது. “ஏம்மா, பச்சப்புள்ளைய இப்படி வரிஞ்சு கட்டிப் போடணுமா? நான் மடியில வச்சுக்கிட மாட்டனா?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் இருந்த பாசத்தை மறுக்க முடியாது. ஆனால் கணக்கு வேறு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதிலாவது மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், பத்து கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 140 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். அது எந்தப் பெரியவரின் கைக்கும் கிடையாது. இதை அத்தையிடம் சொன்னது நான் அல்ல, அவர்களுடைய மகன்தான். மருமகள் சொல்லியிருந்தால் பேச்சு வேறு திசையில் போயிருக்கும்.

எங்கள் கார் பழைய சிறிய ஹாட்ச்பேக். குழந்தை இருக்கையைப் பெல்ட் இல்லாமல் நேரடியாகக் காரோடு மாட்ட உதவும் ஐசோஃபிக்ஸ் வளையங்கள் அதில் இல்லை. ஆகவே காரின் மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொண்டே பொருத்தும் வகைதான் எங்களுக்கு வழி. கடைகளில் நிறமும் மெத்தையும் பார்த்து வாங்குபவர்களே அதிகம். நாங்கள் பார்த்தது பின்புறத்தில் ஒட்டியிருந்த தரச்சான்று வில்லையை. ஐரோப்பிய ஒழுங்குமுறையான ஆர் 44 அல்லது அதற்குப் பின் வந்த ஆர் 129, இல்லையெனில் நம் நாட்டின் ஏஐஎஸ் 072, இவற்றில் ஒன்றாவது இல்லாத இருக்கையைக் கையில் எடுப்பதில் பொருளில்லை. ஆர் 44 எடையை வைத்துப் பிரிக்கிறது: 13 கிலோ வரை ஒரு பிரிவு, 9 முதல் 18 கிலோ வரை அடுத்தது. ஆர் 129 உயரத்தை வைத்துப் பிரிக்கிறது, 15 மாதம் நிறையும் முன் குழந்தையை முன்பக்கம் பார்த்து உட்காரவைக்க அனுமதிப்பதும் இல்லை. இரண்டு திசையிலும் பொருத்தக்கூடிய, 18 கிலோ வரை தாங்கும் ஓர் இருக்கையை நாங்கள் தேர்ந்தெடுத்தோம்.

காசு கொடுப்பதற்கு முன் காரில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கடைக்கார அண்ணாச்சி முதலில் தயங்கினாலும், பையனிடம் இருக்கையைக் கொடுத்துத் தெருவுக்கு அனுப்பிவைத்தார். அது நல்லதாகப் போயிற்று. பின்பக்கம் பார்த்துப் பொருத்தும்போது இடுப்புப் பகுதி பெல்ட் குழந்தையின் கால்மாட்டில் குறுக்கே போகும், தோள் பகுதி பெல்ட் இருக்கையின் முதுகைச் சுற்றி வரும். அதற்கு நல்ல நீளம் வேண்டும். பெல்ட்டை முழுவதும் உருவியும், அதன் நாக்கு பக்கிளுக்கு நான்கு விரற்கடை முன்பாகவே நின்றுவிட்டது. சிறிய கார்கள் பலவற்றில் பின் இருக்கை பெல்ட் இப்படித்தான் எட்டாமல் போகிறது. அடிப்பகுதி ஒடுங்கிய வேறொரு மாதிரியைக் கொண்டுவந்து வைத்தபோது ‘டக்’கென்று மாட்டியது. இணையத்தில் வாங்க நினைப்பவர்கள் குறைந்தபட்சம் திருப்பிக் கொடுக்கும் வசதி உண்டா என்றாவது பார்த்துக்கொள்வது நல்லது.

பெல்ட் மாட்டியதோடு வேலை முடிவதில்லை. இருக்கையின் பக்கவாட்டில் நீல நிறத்திலும் சிவப்பு நிறத்திலும் வழிகாட்டிகள் இருக்கும். பின்பக்கம் பார்ப்பதற்கு நீலம், முன்பக்கம் பார்ப்பதற்குச் சிவப்பு. நீல வழியில் பெல்ட்டை நுழைத்து, கணவர் ஒரு முழங்காலை இருக்கைக்குள் ஊன்றி முழு எடையையும் அழுத்த, நான் பெல்ட்டின் தொய்வை இழுத்து வாங்கி, இருக்கையோடு வந்த பூட்டுக் கிளிப்பை அழுத்தி மூடினேன். எங்கள் கார் பெல்ட் திடீரென்று இழுத்தால் மட்டுமே பிடிக்கும் வகை என்பதால் அந்தக் கிளிப் இல்லாமல் இறுக்கம் நிற்காது. பெல்ட் நுழையும் இடத்தைப் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. பக்கத்தில் வரைந்திருக்கும் கோடு தரைமட்டத்துக்கு இணையாக இருக்கவேண்டும். நிமிர்ந்துபோனால் தூங்கும் குழந்தையின் தலை மார்பில் சாய்ந்து மூச்சுவழியை அடைக்கும்.

பின் இருக்கையில் இடது பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் ஓரங்கட்டி நிறுத்தினால் இடது கதவுதான் சாலையோரம் திறக்கும். வண்ணாரப்பேட்டை நெரிசலில் வலது பக்கம் நின்றுகொண்டு பிள்ளையைத் தூக்க யாருக்கும் துணிச்சல் வராது. முன் இருக்கை வேண்டவே வேண்டாம். ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் பின்பக்கம் பார்க்கும் குழந்தை இருக்கையை வைத்தால், விரியும் பை நேராக இருக்கையின் முதுகில், குழந்தையின் தலைக்குப் பின்னாலேயே அடிக்கும்.

இருக்கையில் குழந்தையைக் கட்டும் வார்களை இறுக்குவதில் ஒரு சோதனை: தோள்பட்டை அருகே வாரை விரல்களால் மடித்துக் கிள்ளிப் பார்க்கவேண்டும், கிள்ள வந்தால் தொய்வு இருக்கிறது என்று பொருள். பங்குனி வெயிலில் வேறொரு தொல்லையும் உண்டு. நிழலில்லாமல் நின்ற காரில் வாரின் உலோக நாக்கு கையைச் சுடும். இறங்கும்போதே இருக்கை மேல் வெள்ளைத் துண்டு ஒன்றைப் போட்டு மூடுவதும், ஏற்றும் முன் உலோகத்தைத் தொட்டுப் பார்ப்பதும் எங்களுக்குப் பழக்கமாயிற்று.

நாகர்கோவிலுக்குப் போகும் நான்குவழிச் சாலையில் நாங்குநேரி சுங்கச்சாவடி தாண்டியதும் அவள் அழத் தொடங்குவாள். ஓடும் காரில் வாரை அவிழ்ப்பதில்லை என்பதில் நாங்கள் விட்டுக்கொடுத்ததில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்துவது அதைவிட ஆபத்து என்பதால், சர்வீஸ் ரோட்டில் இறங்கியோ டீக்கடை முன்பாகவோ நிறுத்தி, பால் கொடுத்து, மறுபடி கட்டி வைத்துக் கிளம்புவோம். பணகுடிக்குப் போய்ச் சேரும்போது பெரும்பாலும் தூங்கியிருப்பாள்.

பின்பக்கம் பார்க்கும் நிலையில் கால் நீட்ட இடமில்லையே என்று அத்தை வருந்தினார்கள். மகளோ சம்மணம் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள். முன்னால் மோதும் விபத்தில், பின்பக்கம் பார்க்கும் குழந்தையின் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் முதுகுப் பலகை சேர்த்துத் தாங்குகிறது. கழுத்து மட்டும் இழுபடுவதில்லை. அதனால் 9 கிலோவில் திருப்பலாம் என்றிருந்தும், அந்த நிலைக்கான எல்லையான 13 கிலோ வரை நாங்கள் திருப்பவில்லை.

கார் இல்லாத வீடுகளே நம் பக்கம் அதிகம். பைக்கில் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்பு வார், ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை தலைக்கவசம், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் என்று 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விதி அதற்கு அடுத்த ஆண்டே நடப்புக்கு வந்துவிட்டது. அந்த வாரை ஒருவர் கட்டிச் சென்று நான் பார்த்ததில்லை.

இப்போது மகள் 18 கிலோவை நெருங்குகிறாள்; இடுப்பெலும்பில் பெல்ட் படிய உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கைதான் அடுத்தது. பழையதை அம்பாசமுத்திரத்து மதினி தன் பிள்ளைக்குக் கேட்டார்கள். விபத்தில் சிக்காதது, பிளாஸ்டிக் ஓட்டில் அச்சிட்ட தேதிப்படி காலாவதியாக இன்னும் ஆண்டுகள் உள்ளது என்று காட்டி, கையேட்டையும் கொடுத்தோம். ஆனால் இருக்கையைக் கையோடு எடுத்துப் போகச் சொல்லவில்லை. காரைக் கொண்டுவரச் சொன்னோம். வாசலில் வைத்து மாட்டிப் பார்த்தபோது அவர்கள் பெல்ட் தாராளமாக எட்டியது.