குஞ்சப்பனை ஸ்டாப்பும் மூன்றாவது அச்சும்

முதல் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு வேலை) விண்ணப்பத்தை அனுப்பியது கோத்தகிரியில், அம்மா வீட்டு அடுப்படியிலிருந்து. மழை நாள், கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஜெர்மனியில் ஒரு ஆய்வகம், மனிதப் பரிணாம மரபியல், இரண்டு வருட ஒப்பந்தம். பைத்தான் தெரியுமா, கட்டுரைகள் எத்தனை, பரிந்துரைக்க மூன்று பேர் உண்டா. அவ்வளவுதான் கேட்டார்கள்.

பழைய எலும்புகளிலிருந்து ஆதிமனிதர்களின் மரபணுவைப் படித்த ஸ்வாந்தே பேபோ 2022-இல் நோபல் வாங்கியதிலிருந்து, நானும் குகைக்குள் எலும்பு தோண்டுவதாகச் சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள். எலும்பைத் தொட்டதே இல்லை. என் வேலை கம்ப்யூட்டரில் கூட்டிப் பெருக்குவது. பலர் பல காலத்தில் சேர்த்த மரபணுத் தரவை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதற்குள் மாதம் ஓடிவிடும். உலகமே எடுத்தாளும் ஆயிரம் மரபணுத் தொகுதித் திட்டத்தில் 2,504 பேர். அதிலுள்ள தமிழர்கள் இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர்கள். மலைக்காரர்களுக்கு வேறு தரவைத்தான் தேட வேண்டும்.

அப்படிச் சேர்த்த ஒன்றில், பிசிஏ போட்டதும் (மரபணு வேறுபாடுகளைச் சில அச்சுகளில் சுருக்கி, ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாகக் காட்டும் கணக்கு அது) மூன்றாவது அச்சில் இருளர் புள்ளிகள் மட்டும் தனித் தீவாக விலகி நின்றன. தொன்மையான தனிக் கிளை! அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. மறுநாள் மேற்பார்வையாளர் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “இவர்களில் எத்தனை பேர் சொந்தக்காரர்கள்?”

உறவைக் கண்டுபிடிக்கும் கணக்கை ஓட்டிப் பார்த்தேன். பாதிப் பேர் அண்ணன் தம்பி, மாமன் மகன். எல்லாம் ஒரே பதியில், அதாவது ஒரே இருளர் குடியிருப்பில், எடுத்த ரத்தம். நெருங்கிய சொந்தக்காரர்கள் சேர்ந்து இருந்தால் அவர்களே ஓர் அச்சைத் தங்கள் பக்கம் இழுத்துவிடுவார்கள்.

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வாரம் தவறாமல் போய்வந்தவள் நான். குஞ்சப்பனையில் ஏறும் இருளர்கள் உள்ளே இருப்பவர்களை “மாமா, தள்ளி உட்காரு” என்பதைக் கேட்டே வளர்ந்தவள். திரைக்கு முன்னால் அது நினைவுக்கு வரவில்லை.

நெருங்கிய உறவினர்களை ஒதுக்கி அச்சுகளைக் கணக்கிட்டு, பிறகு அவர்களை அதன்மேல் பொருத்தினேன். தீவு சுருங்கியது, மறையவில்லை. சிலரிடமிருந்து பெருகி, தமக்குள்ளேயே மணமுடித்துவந்த கூட்டங்களில் அப்படித்தான் இருக்கும். இந்தியக் குழுக்கள் பலவற்றில் இந்தத் தடத்தை மரபியலாளர்கள் டேவிட் ரைக், ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் தங்கராஜ் உள்ளிட்டோர் 2009-இலேயே காட்டினார்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே தலைகாட்டும் நோய்கள் இத்தகைய கூட்டங்களில் கூடலாம் என்பதால் இது வெறும் பழங்கதையும் இல்லை.

போஸ்ட்டாக் தேடும் பிள்ளைகள் சம்பளம், விசா எல்லாம் விசாரிக்கிறார்கள், விசாரிக்கட்டும். மாதிரிகளை எந்த ஊரில், எத்தனை வீட்டில் எடுத்தார்கள் என்று யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. அடுத்த வேலைக்கான நேர்காணலில் நான் கேட்டேன், அதே அடுப்படியிலிருந்து. திரையில் எதிரில் இருந்தவர் மாதிரிகளின் அட்டவணையைத் திறந்தார். இனக்குழுப் பெயர் இருந்தது. ஊர் என்ற கட்டம் மேலிருந்து கீழ்வரை காலி. தேடிச் சொல்கிறேன் என்றார். மூன்று வாரம் ஆகிறது. நானும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவில்லை.