எக்கவுண்டன் வனைந்த மூக்குப்பேணி

இலங்கையின் 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தில் அகப்பட்ட தலைமுறை எங்களுடையது. எங்களுக்கு முந்தியவர்களும் பிந்தியவர்களும் சாதாரண தரம் எழுதினார்கள். நடுவில் மாட்டிய எங்களுக்கு அதற்குப் பதிலாக என்.சி.ஜி.ஈ. என்ற தேசியப் பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை. அதில் கணிதம், விஞ்ஞானத்தோடு ‘தொழில் முன்னிலைப் பாடம்’ என்றும் ஒன்று இருந்தது. ஊரில் என்ன தொழில் உண்டோ அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது கொழும்பில் இருந்தவர்களின் யோசனை. எங்கள் பிரிவுக்குக் கிடைத்தது மட்பாண்டம்.

சித்திர மாஸ்ரர் பக்கத்துக் கிராமத்துக் குயவர் ஒருவரைக் கூட்டி வந்தார். சித்திர அறைக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் திரிகையை இறக்கி வைத்து, தடியால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு மண்ணில் கை வைப்பார். சக்கரம் ஓய்வதற்குள் ஒரு முட்டி எழும்பி நிற்கும். அதற்குள் எங்களில் ஒருவன் மண்ணை நடுவுக்குக்கூடக் கொண்டுவந்திருக்க மாட்டான். பாடம் முடிந்ததும் கால் கையைக் கிணற்றடியில் கழுவிக்கொண்டு போய்விடுவார். ஆசிரியர் அறையில் அவருக்குக் கதிரை இருக்கவில்லை. அந்தக் காலத்தில் அதை யாரும் வியப்பாகப் பார்க்கவும் இல்லை.

1977இல் ஆட்சி மாறியது, என்.சி.ஜி.ஈ.யும் போய்ச் சேர்ந்தது. தாய்தகப்பன்மாருக்குப் பெரிய நிம்மதி. மொழி, மாவட்டம் பார்த்து அனுமதியைப் பிரித்த தரப்படுத்தலால் பல்கலைக்கழக வாசல் ஒடுங்கிக் கிடந்த நேரத்தில் பிள்ளை சட்டி வனைந்துகொண்டிருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? நான் வர்த்தகப் பிரிவுக்குப் போனேன். 1984இல் லண்டன், அப்புறம் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, பகலில் எக்கவுண்டன்சி (கணக்கியல்) படிப்பு. நம்மில் பாதிப் பேருக்கு இந்தக் கதை மனப்பாடம் என்பதால் நீட்டவில்லை.

மண் திரும்பவும் கைக்கு வந்தது உள்ளூர் மாலை வகுப்பு ஒன்றில். வேலை சிற்றி ஓஃப் லண்டனில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில். மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி, வருடக் கடைசி என்று மூன்று பருவங்கள்தான் அங்கே உண்டு. செவ்வாய்க்கிழமை இரவுகளில் மட்டும் கழுத்துப்பட்டியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டுச் சக்கரத்தின் முன் குந்துவேன். 2008 நெருக்கடிக்குப் பின் நிறுவனத்தில் ஆட்குறைப்பு வந்தது. விரும்பிப் போகிறவர்களுக்கு ஒரு தொகை தருகிறோம் என்றார்கள். 2010இல், 48 வயதில், அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ‘கனவைத் துரத்திப் போனார்’ என்று எழுதிவிடாதீர்கள் என்று இந்தச் சிறப்பு மலரைத் தொகுக்கும் மலர்க்குழுவுக்கு முன்பே சொல்லிவிட்டேன். மனைவிக்கு வைத்தியசாலையில் நிரந்தர வேலை இருந்தது, மூத்தவள் படிப்பை முடித்திருந்தாள், கையில் அந்தத் தொகை இருந்தது. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் இன்றைக்கும் காலாண்டுக் கணக்குத்தான் முடித்துக்கொண்டிருப்பேன்.

நண்பர்கள் தைரியம் சொல்ல ஜெஃப்ரி பாவாவை இழுப்பார்கள். சட்டத்தரணியாக இருந்தவர், அதை விட்டுவிட்டு லண்டனில் கட்டடக்கலை படித்து 1957இல், 38 வயதில் தகுதி பெற்றவர். பிறகுதான் அவர் வடிவமைத்த கோட்டே நாடாளுமன்றமும் கந்தளமை ஹோட்டலும். உண்மைதான். ஆனால் பாவா 1948இலேயே லுணுகங்கையில் ஒரு தோட்டத்தை வாங்கியிருந்தார். எனக்கு லண்டன் ஹரோவில் வீட்டு மோட்கேஜ் இருந்தது. என் மனத்துக்கு நெருக்கமானவர் ஆனந்த குமாரசுவாமி. இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கிய புவியியலாளர். கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவர் அங்கே கண்ட கைவினைஞர்களிடம் மனத்தைப் பறிகொடுத்து, 1908இல் அவர்களுடைய வேலையைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். குயவன் பாண்டத்தில் பூசிச் சுடுகிற பூச்சும் கல்லை அரைத்த தூள்தானே என்று எனக்கு நானே ஒரு உறவு கொண்டாடிக்கொள்வேன்.

பணத்தைவிடக் கஷ்டமாக இருந்தது கலியாண வீடுகள்தான். ஹோலில் ஒரு மாமி பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இன்னும் அந்தக் கொம்பனியிலதானே?”

“இல்லை மாமி, விட்டிட்டன். இப்ப மட்பாண்டம் செய்யிறன்.”

“என்னது?”

“சட்டி, பானை, கோப்பை...”

மாமி அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “அதை ஏன் இங்க வந்து செய்யவேணும் தம்பி?” என்றார். பிறகு என் மனைவியிடம், “இவர் சுகமா இருக்கிறாரோ?” என்று விசாரித்திருக்கிறார்.

வேலையை விட்டுவிட்டு மிருதங்கம் படிக்கப் போயிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது, அரங்கேற்றத்துக்கு மாலையோடு வந்திருப்பார்கள். கவிதை எழுதியிருந்தால் வெளியீட்டு விழாவில் ஆளுக்கொரு பிரதி வாங்கியிருப்பார்கள். மண்ணைத் தொட்டதும் ஏன் குரல் தாழ்ந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எது கலை, எது ‘அவர்களுடைய தொழில்’ என்று நாங்கள் சாதியை வைத்துத்தான் பிரித்து வைத்திருந்தோம். பாஸ்போட் மாறி நாற்பது வருடமாகியும் அந்தப் பிரிப்பு மாறவில்லை. ஆங்கிலேயர் ஒருவர் ‘ஸ்டூடியோ பொட்டர்’ என்று என்னை அறிமுகப்படுத்தினால் அதே மாமிக்கு அது பெருமை!

சரி, வேலையைப் பற்றிச் சொல்கிறேன். எக்கவுண்டனுக்கு இந்தத் தொழிலில் நல்ல இடம் இருக்கிறது. பூச்சுக்கு நாங்கள் முதலில் படிக்கும் கலவை ஒன்று: பெல்ட்ஸ்பார் 40, சிலிக்கா 30, சுண்ணாம்புத் தூள் 20, வெண்களி 10. கூட்டினால் 100. ஐந்தொகையோடு ஆயுளைக் கழித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அதே கலவையில் இரும்பு ஒக்சைட்டை ஒரு சதவீதமளவில் சேர்த்து, எரிவாயுச் சூளையில் காற்றைக் குறைத்து 1280 பாகை செல்சியஸுக்குக் கொண்டுபோனால் இளம்பச்சை. எட்டு, பத்துச் சதவீதம் போட்டால் கறுப்பும் செம்பழுப்பும். ஒவ்வொரு சூளையையும் பேரேட்டில் பதிந்து வைத்திருக்கிறேன். சூளை ஆறும்போது 573 பாகையைக் கடக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் பாண்டத்தில் வெடிப்பு விழும். வருடக் கடைசியில் பொறுமையில்லாத மனேஜர்மாருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆசை.

ஊரில் செய்த பானை வேறு விதம். குறைந்த சூட்டில் சுட்ட மண். தண்ணீர் கசிந்து ஆவியாகும், அதனால்தான் உள்ளே குளிரும். இங்கே கல்லைப்போல இறுகும்வரை சுடுகிறோம். நான் இந்த இறுகிய மண்ணில் செய்யப் பார்ப்பது மூக்குப்பேணி, அதாவது மூக்கு வைத்த குடிக்கும் பாத்திரம். பித்தளையில் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். மண்ணில் அது லேசில் வசப்படாது. மூக்கின் நுனி கூராக இல்லாவிட்டால் தேத்தண்ணீர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே வழிந்து சட்டையை நனைக்கும். கூராக்கினால் உடையும். சக்கரத்தில் இழுத்த மூக்கு அந்தச் சுழற்சியை விடாது, சூளைக்குள்ளும் இன்னும் சற்று முறுகும். அதனால் நுனியை வெட்டும்போதே மறுபக்கம் சரித்து வெட்டவேண்டும். சுட்ட பிறகு எல்லாம் எட்டில் ஒரு பங்களவு சிறுக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

வாய் படாமல் குடிக்க அது நல்ல ஏற்பாடு, சுத்தம் என்று பெருமையாகச் சொல்வோம். சாதியைச் சொல்லிப் படலையடியில் நிறுத்திய ஆட்களுக்கு அந்தப் பேணியும் இல்லை, சிரட்டையில் ஊற்றினார்கள் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். அதனால் நான் செய்வதை வாய் வைத்தும் குடிக்கலாம், அண்ணாந்தும் குடிக்கலாம் என்று விளிம்பைக் கொஞ்சம் தடிப்பாக விடுகிறேன். மனைவிக்கு இந்த வடிவம் பிடிக்கவில்லை, பழையதுதான் அழகு என்கிறா. இன்னும் தீர்ப்பாகவில்லை.

வருமானம் கேட்பீர்கள், கேட்காமல் விடமாட்டீர்கள். தை மாதத்தில் தமிழ்க் கடைக்காரர்களின் வரிப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறேன். 31ஆம் திகதிக் கெடுவுக்கு முந்தைய இரண்டு கிழமையில் சக்கரத்தில் கை வைக்க நேரமிருக்காது. அந்தக் காசுதான் சூளைக்கு எரிவாயு. பேணியும் கோப்பையும் சந்தைகளில் விற்கிறேன். எங்கள் ஆட்களைவிட மற்றவர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள். எங்கள் ஆட்கள் கையில் எடுத்து, திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்து, விலையைக் கேட்டு, “மண்தானே அண்ணை?” என்பார்கள்.

ஒரு உதவி வேண்டும். பழைய மூக்குப்பேணி வைத்திருப்பவர்கள் அதன் உயரம், வாய் விட்டம், மூக்கின் நீளம் இந்த மூன்றையும் அளந்து, பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து மலர்க்குழுவிடம் கொடுத்தால் எனக்கு வந்து சேரும். எந்த ஊர்ப் பேணி என்பதையும் குறிப்பிடுங்கள். அடுத்த ஒன்றுகூடலில் நான் மேசை போடுகிறேன். பேரம் பேசலாம், ஆனால் பழைய எக்கவுண்டனோடு பேசுகிறீர்கள் என்பதை யோசித்துக்கொண்டு வாருங்கள்.